பிரேக் பிடித்தால் வண்டி எங்கே நிற்கும்? எக்ஸெல் சொல்லும்

எங்கள் தெருவில் வயரிங் கான்ட்ராக்ட் எடுக்கும் நண்பர், பில் போடுவதற்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார். அவருக்கு எக்ஸெல் கற்றுத் தர நான் எடுத்துக் கொண்ட கணக்கு, அவருடைய லோடு வேன் பற்றியது. நீங்களும் செய்து பாருங்கள்.

எக்ஸெல் திறந்து முதல் செல்லில் வேகம் 60 (மணிக்குக் கி.மீ.) என டைப் செய்திடுங்கள். இரண்டாவது செல்லில் 1. ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்க ஆகும் விநாடி இது. மூன்றாவது செல்லில் = அடையாளமிட்டு, வேகம் உள்ள செல்லில் கிளிக் செய்து, /3.6 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஏறத்தாழ 16.7 வரும். ஒரு விநாடியில் வண்டி ஓடும் மீட்டர் இதுதான்.

நான்காவது செல்லில், இரண்டாவது செல்லையும் மூன்றாவது செல்லையும் * அடையாளத்தால் பெருக்குங்கள். ஐந்தாவதில், மூன்றாவது செல்லை அதனாலேயே பெருக்கி 10 ஆல் வகுத்திடுங்கள். பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் கிடைக்கும். காய்ந்த சாலை, நல்ல பிரேக் என்றால் இந்தக் கணக்கு. ஆறாவதில் கடைசி இரண்டையும் கூட்டினால் சுமார் 44 மீட்டர்.

இப்போது இரண்டாவது செல்லில் உள்ள 1ஐ 3 ஆக்குங்கள். போனில் அழைப்பது யார் என்று 2 விநாடி பார்த்ததாக அர்த்தம். விடை தானாகவே மாறி, சுமார் 78 மீட்டர் ஆகிவிடும்!

நண்பர் திரையையே பார்த்துக் கொண்டிருந்தார். "ஓட்டிக்கொண்டே தினமும் பத்து போன் பேசுகிறேனே" என்றார். இப்போதெல்லாம் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறார். மழை நாளில் 10க்குப் பதில் 6 போட்டுப் பாருங்கள். முன்னால் போகும் வண்டியை விட்டு இன்னும் தள்ளியே போவீர்கள்.