தலைக்காயத்தைக் கண்டறியும் 'மெய்நிகர்' சோதனை: தங்கவயலுக்கு எப்போது எட்டும்?

புதுதில்லி: தலையில் அடிபட்டவருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்படுகிறது. எலும்பு முறிவோ, ரத்தக்கசிவோ இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். ஆனால் தலைச்சுற்றலும் தடுமாற்றமும் வாரக்கணக்கில் தொடரலாம். மூளை அதிர்ச்சி எனப்படும் இப்பாதிப்பு பெரும்பாலும் ஸ்கேனில் தெரிவதில்லை.

இதைக் கண்டறிய உதவும் வழிகளில் ஒன்றுதான் மெய்நிகர் காட்சி மூலம் நடத்தப்படும் சமநிலைச் சோதனை. கண், உட்செவி, தசை-மூட்டு ஆகிய மூன்றும் தரும் தகவல்களை மூளை ஒருங்கிணைப்பதால்தான் மனிதன் நிலையாக நிற்க முடிகிறது. சோதனையில், நிற்பவரின் கண்முன் ஓர் அறை சாய்வதுபோலக் காட்டப்படும். அப்போது அவரது உடல் எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கருவி அளக்கும். பாதிப்பில்லாத மூளை விரைவில் சுதாரித்துக்கொள்ளும். அடிபட்ட மூளை திணறும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளையாட்டு வீரர்களிடம் இம்முறையைப் பயன்படுத்தி, 2006-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். குணமாகிவிட்டதாகக் கருதப்பட்டவர்களிடமும் தடுமாற்றம் எஞ்சியிருப்பதை இத்தகைய ஆய்வுகள் உணர்த்தின.

எனினும் களைப்பு, மது, முதுமை, செவிநோய் ஆகியவையும் தடுமாற்றத்தை உண்டாக்கும். எனவே இது முதற்கட்டச் சோதனையே. ஸ்கேனுக்கோ, மருத்துவரின் முடிவுக்கோ மாற்றாகாது.

மூடிய சுரங்கம், தொடரும் ஆபத்து

தமிழர்கள் பெருமளவில் வாழும் கோலார் தங்கவயலுக்கு உயிராபத்து புதிதல்ல. 3 கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறை வெடிப்புகளுக்கு நடுவே உழைத்தவர்களின் ஊர் அது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-இல் மூடப்பட்டபின் அதன் மருத்துவமனையும் செயலிழந்தது. 2021-இல் கொரோனா சிகிச்சைக்காகவே அது சீரமைக்கப்பட்டது.

சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று சுமார் 100 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறுகின்றனர். சாலை விபத்தும், தவறி விழுவதுமே இன்று தலைக்காயத்துக்கு முக்கியக் காரணங்கள். மூளைக்காயத்துக்கான உயர் சிகிச்சைக்குப் புகழ்பெற்ற 'நிம்ஹான்ஸ்' நிறுவனமும் பெங்களூரில்தான் உள்ளது. தலைசுற்றலுக்காக ஒரு நாள் கூலியை இழந்து அங்கு செல்வோர் எத்தனை பேர்?

சட்டம் சொல்வது என்ன?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின் தொடர்ச்சியாக, விபத்தில் சிக்கியோருக்கான கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்தது. விபத்து நாளிலிருந்து 7 நாள்கள் வரை, ரூ.1.5 லட்சத்துக்கு உள்பட்ட சிகிச்சைக்கு அது வழிசெய்கிறது. உயிர்காக்கும் திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூளை அதிர்ச்சியின் விளைவுகள் எட்டாம் நாளோடு முடிவதில்லை.

மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) பட்டியலிடும் 21 வகைகளில் விபத்தால் நேரும் மூளைக்காயம் தனி வகையாக இடம்பெறவில்லை. இழப்பீட்டைக் கணக்கிடும்போது, ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பாராமல், வருவாய் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதையும் காண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவுபடுத்தியது. அதற்குச் சான்று வேண்டும். சாரத்தில் ஏறினால் தலைசுற்றும் கொத்தனாரிடம் இருப்பதோ, 'இயல்பு நிலை' என்று கூறும் ஸ்கேன் அறிக்கை மட்டுமே.

புதிய கருவி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணை மூடி நிற்கச் செய்வது, நேர்க்கோட்டில் நடக்கச் செய்வது போன்ற எளிய சோதனைகளை வட்ட மருத்துவமனையிலேயே நடத்தலாம். அதன் முடிவைப் பதிவு செய்து, சில நாள்கள் கழித்து மீண்டும் வரச் சொன்னால், அந்தத் தொழிலாளியின் கையில் ஒரு சான்றாவது இருக்கும்.