"நாலு ஜிபி கார்டு" என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

சென்னையில் யானைக்கவுனியிலும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வீட்டின் முன்அறையையே ஸ்டுடியோவாக வைத்துக் கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் திணறத் தொடங்கினால் நேராக, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். "நாலு ஜிபி கார்டு சார், போர்-கே எல்லாம் சும்மா பறக்கும்" என்று கடையில் சொல்லும் வார்த்தையை நம்பி, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். வாடிக்கையாளர் ஐபோனில் எடுத்துக் கொடுத்த வீடியோவைத் திறந்தால் படம் அப்படியே நின்று நின்று ஓடுகிறது.

மெமரி எத்தனை ஜிபி என்பதற்கும் வீடியோ ஓடுவதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்ட கார்டின் சிப்புக்குள் தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. அந்தச் சுற்றுக்கு எந்த வடிவம் தெரியுமோ அதை மட்டுமே அது விரிக்கும். டிரைவர் மாற்றியோ மெமரி கூட்டியோ புது வடிவத்தை அதற்குக் கற்றுத்தர முடியாது. கடைகளில் அதிகம் கிடைக்கும் ஜிடி 710, ஜிடி 730 கார்டுகளுக்கு ஹெச்.264 என்ற வடிவம் தெரியும். 2017 முதல் ஐபோன்கள் பயன்படுத்தும் ஹெச்.இ.வி.சி தெரியாது. யூடியூபின் போர்-கே வீடியோக்கள் வரும் விபி9, ஏவி1 இரண்டும் தெரியாது. அந்தப் பாரமெல்லாம் பிராசஸர் தலையில் விழுகிறது. இந்தக் கார்டுகளின் ஹெச்டிஎம்ஐ வழியாகப் போர்-கே திரைக்கு விநாடிக்கு 30 காட்சிகளுக்கு மேல் போகாது. ஜிடி 730-இலேயே டிடிஆர்3 மெமரி போட்டதும் உண்டு, ஜிடிடிஆர்5 போட்டதும் உண்டு; இரண்டுக்கும் மெமரி வேகத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு வரை வித்தியாசம். பெட்டியின் மேல் பெரிதாக இருப்பது "4 ஜிபி" மட்டும்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் இன்டெல் ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய, கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் இருந்தால், ஹெச்.இ.வி.சி, விபி9 இரண்டையும் அதுவே விரித்துவிடும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகிப் பாருங்கள். வீடியோ பார்க்க மட்டும் என்றால் கார்டே வேண்டியிருக்காது.

வாங்குவது என்று முடிவு செய்தால், உங்கள் வேலையில் வரும் வீடியோவையே பென்டிரைவில் எடுத்துப்போய்க் கடையிலேயே ஓட்டச் சொல்லுங்கள். ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதில் ஜிபியு பகுதியில் "வீடியோ டீகோட்" வரைபடத்தைப் பாருங்கள். அது தரையோடு கிடக்க, பிராசஸர் மட்டும் நூறைத் தொட்டால், அந்தக் கார்டு அந்த வீடியோவுக்கு உதவாது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் ஓட்டுங்கள். பழைய சிப்பின் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கும் போலிகள் உலகம் முழுக்க உலவுகின்றன. 2018 முதல் ஜிபியு-இசட் இவற்றில் பலவற்றைப் போலி என்றே காட்டிவிடும். 1050 டிஐ என்று சொல்லும் கார்டில் நீல நிற விஜிஏ துளை இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். அந்தத் தலைமுறை சிப்பில் விஜிஏ வசதியே கிடையாது. ஆர்எக்ஸ் 580 கார்டு என்றால், 2304 ஸ்ட்ரீம் பிராசஸர் இருப்பதாக ஜிபியு-இசட் காட்டவேண்டும். 2048 என்று காட்டினால் அது வேறு சரக்கு.

ஏமாந்துவிட்டால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கார்டு பழையது, மெதுவானது என்பது மட்டும் குறையாகாது. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் வழக்கு நிற்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பழையதைப் புதியதென்று விற்பதையும் பில் தர மறுப்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே; பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் அதற்கு 30 நாள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தயங்கி நிற்கவேண்டியதில்லை.

"தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோர் இல்லை" என்று சொல்லி மடக்கப் பார்ப்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் வியாபாரி அல்லாத தனிநபரிடம் பழைய கார்டை வாங்கினால் இந்தச் சட்டம் கைகொடுப்பது கடினம்.

பில்லில் மாடல் பெயர், மெமரி வகை, செகண்ட் ஹேண்ட் என்ற குறிப்பு, வாரண்டி நாள் எல்லாம் எழுதி வாங்குங்கள். பில் தராவிட்டால் யுபிஐ ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதில் தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போடவேண்டும்.