பூர்வீக வீடும் இரண்டு கோடை விடுமுறைகளும்

உத்தியோகத்தின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்களுள் பலருக்கு ஊரில் ஒரு வீடு உண்டு. அப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் ஒரு திருப்தியும் உண்டு. ஆனால் அவ்வீட்டின் உத்திரத்தைக் கடைசியாக எப்பொழுது அண்ணாந்து பார்த்தோம் என்று கேட்டால் விடை சொல்வது கடினம். நானும் என் மனைவியும் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளின் கோடையில் எங்கள் பூர்வீக வீட்டைப் பெரும்பாலும் எங்கள் கைகளாலேயே செப்பனிட்டோம். அதே நிலையில் உள்ள நேயர்களுக்குப் பயன்படக்கூடும் என்று கருதி அவ்விவரத்தை இங்கே எழுதுகிறேன்.

வீடு திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் இருக்கிறது. தெருப்பக்கம் திண்ணை, உள்ளே ரேழி, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், நான்கு தேக்குத் தூண்கள், மேலே நாட்டு ஓடு. என் பாட்டனார் காலத்துக் கட்டடம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அப்பிரதேசத்துத் தென்னைகளை எல்லாம் சாய்த்தபொழுது, எங்கள் கூரையின் தென்புற ஓடுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அது முதல் அங்கே தார்ப்பாய்தான். தந்தையார் காலமான பின் தாயார் மட்டும் அவ்வீட்டில் இருக்கிறார். நாகபுரிக்கு அழைத்துவந்தால் பத்து நாள் இருந்துவிட்டு, டிக்கெட் எடு என்பார்.

2022-இல் ஒரு தரகர் வந்து தூண்களையும் நிலைக்கதவையும் விலைக்குக் கேட்டார். காரைக்குடிக் கடைகளில் இத்தகைய பழைய மரவேலைகளுக்கு உள்ள கிராக்கி பலரும் அறிந்ததே. அப்பணத்தை முதலாக வைத்து, இருப்பதை இடித்துவிட்டு இரண்டு அறை கொண்ட கான்கிரீட் வீடு கட்டலாம் என்பது திருப்பூரில் உள்ள என் தமையனாரின் அபிப்பிராயம். அதில் நியாயம் இல்லாமலில்லை. தாயார் தலைமேல் கூரை சரிந்தால் யார் பொறுப்பு? தாயாரோ, “இடிக்கிற அன்றைக்கு என்னை எங்கேடா உட்கார வைப்பீர்கள்?” என்று ஒரே கேள்வி கேட்டார். எங்கள் இருவரிடமும் விடை இல்லை. இரண்டு கோடைக்குள் வீட்டை மழை தாங்கும்படி செய்துவிட்டால் சரி, இல்லையேல் தரகரைக் கூப்பிடுவது என்று அண்ணன் தவணை வைத்தார்.

வேலையைத் தொடுமுன் காகிதத்தைப் பார்த்தோம். பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் சம பங்கு என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். ஆகவே தாயார், தமையனார், கும்பகோணத்தில் வாழும் தமக்கை ஆகிய மூவரின் சம்மதத்தையும் எழுத்து மூலம் பெற்றோம். செலவு யாருடையது, பின்னால் பங்கு பிரித்தால் அதற்கு என்ன கணக்கு என்பதையும் அதிலேயே எழுதிக்கொண்டோம். உடன்பிறந்தோரிடம் கையெழுத்து வாங்குவதா என்று சிலர் முகம் சுளித்தார்கள். குமாஸ்தாவாகப் பழகியவனுக்குக் காகிதத்தில் ஏறாத எதுவும் நடந்ததாகவே தோன்றுவதில்லை.

முதற் கோடை முழுவதும் கூரைக்கே போயிற்று. அப்பக்கத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில். எனவே ஓட்டு வேலை ஆனிக்குள் முடிந்தாக வேண்டும். 22 நாள் விடுப்பும் ஒரு செட் பாஸும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். என் மனைவி நாகபுரி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள். நாட்டு ஓட்டைக் கையில் எடுத்ததே அப்பொழுதுதான். நான் ஏணியில் நின்று ஓடு இறக்கினேன். அவள் ஒவ்வொன்றையும் தேங்காய் நாரால் தேய்த்துப் பாசி போக்கி, விரலால் தட்டிப் பார்த்தாள். கணீரென்று ஒலித்தால் நல்ல ஓடு; சத்தம் மழுங்கினால் உள்ளே விரிசல். மூன்றாம் நாள், முற்றத்தின் மறுகோடியில் நான் ஓட்டை வைக்கும் ஓசையைக் கேட்டே “அது வேண்டாம்” என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். மூன்றில் ஒரு பங்கு கழிந்தது. புது நாட்டு ஓடு கிடைப்பது அரிதாகிவிட்டபடியால், பக்கத்துக் கிராமத்தில் இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்தே வாங்கினோம்.

ஓட்டைத் தாங்கும் பனஞ்சட்டங்களில் கரையான் ஏறியவற்றை மாற்றி, மற்றவற்றுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவினோம். கரையானுக்கு அது ஆகாது. ஆனால் மனிதத் தோலுக்கும் ஆகாது. பட்ட இடம் கொப்புளிக்கும். கையுறை இன்றித் தொடலாகாது. உத்திரத்துக்கு முட்டுக்கொடுத்து இரண்டு கைமரங்களை மாற்றும் வேலையைத் தச்சரிடமே விட்டோம். நாமே செய்வது என்றால் எல்லாவற்றையும் நாமே செய்வது அன்று.

சுவரின் கதை வேறு. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ரேழிச் சுவரின் அடிப்பகுதிக்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசியிருந்தார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஓதம் அப்பூச்சின் வழியாக வெளியேற இயலாமல் மேலே மேலே ஏறி, இடுப்பளவில் உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சியதை வெயிலில் விட்டுவிடும். சிமெண்டு அவ்வளவு எளிதில் விடாது. எங்களுக்கு வேலை கற்பித்த முதிய கொத்தனார், “தம்பி, இதைக் கொத்தி எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் வீண்” என்று சொல்லிவிட்டார்.

முதற் கோடையின் இறுதியிலேயே கொல்லையில் குழி வெட்டி, கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வைத்தோம். தண்ணீர் பட்டவுடன் அது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைத் திண்ணைக்கு அனுப்பிவிட்டே அதைச் செய்தோம். நீற்றிய சுண்ணாம்பு நாட்பட நாட்பட மென்மையாகும்; ஆனால் அதன்மேல் எப்பொழுதும் நீர் நிற்க வேண்டும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றுத்தான் சுண்ணாம்பு இறுகுகிறது. நீர் மூடியிருக்கும் வரை அது நடவாது. அந்த ஓராண்டும் குழியைப் பலகையால் மூடி, நீர் குறையும்போதெல்லாம் குடம் குடமாக ஊற்றிவந்தவர் தாயார். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு அது ஒரு மாடு வளர்ப்பதைப் போல் ஆயிற்று. தொலைபேசியில் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்த பிறகு சுண்ணாம்பைப் பற்றிய செய்தியும் தவறாமல் வரும்.

2024 சித்திரையில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரைச் சில நாள் உலரவிட்டோம். சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. நசுக்கிய கடுக்காயையும் வெல்லத்தையும் பானையில் ஊறவைத்து வடித்த நீரால் குழைத்தோம். கரண்டி பிடிப்பதில் என்னைவிட என் மனைவிக்குக் கை நேராக இருந்தது. தோசை வார்ப்பவர்களுக்கு இது எளிது என்றார் கொத்தனார். அவளுக்கு அந்தப் பாராட்டு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பூச்சு வெயிலில் வெடிக்காதிருக்க, இரண்டு வாரம் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு அதை நனைத்துக்கொண்டிருந்தோம்.

நாமே செய்தால் செலவே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மரமும் தச்சர் கூலியும் பெரும் பகுதியை விழுங்கின. எங்கள் உழைப்பால் மிச்சமானது சிற்றாள் கூலி மட்டுமே. ஆனால் எங்கே நீர் இறங்குகிறது, எந்தச் சட்டம் இளகியிருக்கிறது என்பதெல்லாம் இப்பொழுது எங்களுக்கே தெரியும். அதை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால் தெரிந்திருக்காது.

2024 நவம்பர் இறுதியில், ஃபெஞ்சல் புயல் கரை கடப்பதற்கு முன், டெல்டாப் பகுதியில் விடாமல் மழை பெய்தது. நாகபுரியில் நாங்கள் இருவரும் உறக்கமின்றித் தொலைபேசியை அருகில் வைத்துக்கொண்டிருந்தோம். மறுநாட்காலை தாயார் பேசினார். சாமான் அறையில் ஓர் ஓடு நகர்ந்து ஒரு பாத்திரம் அளவு ஒழுக்கு. ரேழிச் சுவர் காய்ந்திருக்கிறது. தூண்களில் ஈரம் இல்லை.

தமையனார் 2025 பொங்கலுக்கு வந்தார். ரேழிச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்குச் சென்று வெகுநேரம் அண்ணாந்து நின்றுவிட்டு, அதற்கு எத்தனை ஓடு தேவைப்படும் என்று என் மனைவியைக் கேட்டார். 1,500 என்றாள் அவள்.