அனுமதிக் கடிதமும் கடன் பத்திரமும்

2025ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், ஒரு புதன்கிழமை மாலை, ஸ்காபரோவில் வசிக்கும் தாயொருவர் தொழிற்சாலை வேலை முடிந்த கையோடு நம்மைத் தேடி வந்தார். பனிச் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே கைப்பையிலிருந்து கடித உறையொன்றை எடுத்து நீட்டினார். உள்ளே தனியார் தொழிற்கல்லூரியொன்றின் அனுமதிக் கடிதமும் பன்னிரண்டு பக்க ஒப்பந்தமும் இருந்தன. மருத்துவ அலுவலக உதவியாளர் டிப்ளோமா, முழுநேரக் கல்வி, ஒன்பது மாதங்கள், கட்டணம் 13,500 டொலர். முதல் நாட் பிற்பகலில்தான் கையெழுத்திட்டிருந்தார். முற்பணமாக 500 டொலரைச் சீட்டுக் காசிலிருந்து கட்டியுமிருந்தார்.

"சேர், எனக்கு இடம் கிடைச்சிட்டுது" என்றார்.

நாம் ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியவர் என்பதனால் இத்தகைய உறைகள் நம்மிடம் அடிக்கடி வந்து சேர்கின்றன. பெரும்பாலும் அவை வகுப்புகள் தொடங்கிப் பல வாரங்கள் கழிந்த பின்னரே வரும். இம்முறை ஒரு நாள் மட்டுமே கழிந்திருந்தது. அதன் முக்கியத்துவத்தைப் பின்னர் சொல்வோம்.

"சோதனை ஏதும் வைச்சவையோ, பிள்ளை?" என்று கேட்டோம்.

"ஓம் சேர். ஒரு பேப்பர் தந்தவை. இருபது நிமிசம். உடனயே பாஸ் எண்டு சொல்லிப்போட்டினம்."

அவரது குரலில் ஒலித்த பெருமிதத்தை நாம் நன்கறிவோம். அது அவர் ஒருவருடைய பெருமிதமன்று. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உணர்வு. இலங்கையில் 1945இலிருந்து கல்வி இலவசம். பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இடமும் இல்லை. உயர்தரப் பரீட்சையில் பல்லாயிரவர் தோற்ற, மிகச் சிலரே உள்ளே சென்றனர். 1970களில் தரப்படுத்தல் வந்தபோது, ஓரிரு புள்ளிகளினால் எத்தனை பேரின் வாழ்வு திசை மாறியது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே 'இடம் கிடைத்தல்' என்பதே நமக்கு வெற்றியாயிற்று. வாசலைத் தாண்டிவிட்டால் மீதி தானாக நடக்கும் என்று நம்பினோம். அங்கு அந்த நம்பிக்கை பெருமளவு சரியாகவும் இருந்தது.

இங்கு நிலைமை நேர்மாறானது. இலாபம் கருதி நடத்தப்படும் கல்லூரிக்கு ஒவ்வொரு மாணவரும் வருமானம். அதன் வாசல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. உண்மையான தேர்வு வாசலில் இல்லை. படித்து முடித்து, வேலை தேடிப் புறப்படும் நாளில்தான் அது தொடங்குகிறது. அங்கே தேர்வு வைப்பவர் கல்லூரி அதிபர் அல்லர், வேலை கொடுப்பவர். நம்மவர்களோ அனுமதிக் கடிதத்தைப் பரீட்சைப் பெறுபேறாக வாசிக்கிறார்கள். உண்மையில் அது ஒரு விற்பனைப் பத்திரம். இந்த ஒரு தவறான வாசிப்பினாலேயே பல குடும்பங்கள் கடனில் வீழ்கின்றன.

பணம் செல்லும் வழி

இது மிகைப்படுத்திய கூற்று என எண்ணுவோருக்கு அயல்நாட்டின் அனுபவத்தை எடுத்துக் காட்டலாம். அமெரிக்க செனற் சபைக் குழுவொன்று, செனற்றர் ரொம் ஹார்க்கின் தலைமையில், இலாப நோக்கில் கல்லூரிகளை நடத்தும் 30 நிறுவனங்களை ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. 2009 நிதியாண்டில் அந்நிறுவனங்கள் விளம்பரத்துக்கும் ஆட்சேர்ப்புக்கும் 420 கோடி டொலரைச் செலவிட்டிருந்தன. கற்பித்தலுக்குச் செலவிட்டது 320 கோடி டொலர். மாணவர்களைச் சேர்ப்பதற்கு 35,202 ஊழியர்கள் இருந்தனர். படித்து முடித்தவர்களுக்கு வேலை தேட உதவுவதற்கு 3,512 பேர். 2008-09இல் சேர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 2010 நடுப்பகுதிக்குள் எந்தச் சான்றிதழும் இன்றி வெளியேறிவிட்டனர். சேர்ப்பதற்குப் பத்துப் பேர், கரையேற்றுவதற்கு ஒருவர் என்ற இந்த விகிதத்தை மனதில் இருத்திக்கொள்வது நல்லது.

இது அமெரிக்கக் கதைதானே என்று கனடாவில் இருப்போர் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் கொரிந்தியன் நிறுவனம் ஒன்ராறியோவிலும் 'எவரெஸ்ற்' என்ற பெயரில் கல்லூரிகளை நடத்தி வந்தது. 2015 பெப்ரவரி 19இல் மாகாண அரசின் மேற்பார்வையாளர் அதன் பதிவை இடைநிறுத்தினார். 14 வளாகங்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. ஏறத்தாழ 2,450 மாணவர்கள் வீதியில் நின்றனர். இரண்டு மாதங்களில், ஏப்ரல் இறுதியில், அமெரிக்காவில் எஞ்சியிருந்த வளாகங்களும் மூடப்பட்டன. அங்கே கொரிந்தியனில் படித்த 560,000 பேரின் 580 கோடி டொலர் கடனை மத்திய அரசு தள்ளுபடி செய்ய 2022 ஜூன் வரை காலம் எடுத்தது. இடையே 2016 செப்டெம்பரில் ஐ.ரி.ரி. தொழில்நுட்ப நிறுவனமும் தன் நூற்றுக்கு மேற்பட்ட வளாகங்களை மூடியது. கடன் தள்ளுபடியாகலாம், இழந்த ஆண்டுகளைத் தள்ளுபடி செய்ய எந்த அரசாலும் இயலாது.

எல்லாம் பொய்யன்று

ஆயினும் தனியார் தொழிற்கல்லூரிகள் யாவும் ஏமாற்று என்று எழுதுவது நேர்மையாகாது. நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் பாரவூர்தி ஓட்டும் பயிற்சியைத் தனியார் கல்லூரியொன்றிலேயே பெற்றார். ஒன்ராறியோவில் 2017 ஜூலையிலிருந்து 'ஏ' வகுப்பு அனுமதிப்பத்திரம் பெறுவதற்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். இளைஞர் சில வாரங்கள் பயின்றார், அரசின் ஓட்டுநர் பரீட்சையில் தேறினார், வேலைக்குச் சென்றார். அவருக்கு அது பயன் தந்ததற்குக் காரணங்கள் தெளிவானவை. பயிற்சி குறுகியது. அது சட்டப்படி தேவையானது. எல்லாவற்றுக்கும் மேலாக, தகுதியை அளந்தது கற்பித்த கல்லூரியன்று, வெளியிலிருந்த பரீட்சை. கல்லூரியே கற்பித்து, கல்லூரியே பரீட்சை வைத்து, கல்லூரியே சான்றிதழ் வழங்கி, அச்சான்றிதழைக் கல்லூரிக்கு வெளியே எவரும் கேட்காத இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது.

எனவே, 'இது தனியார் கல்லூரியா?' என்பது முதற் கேள்வியன்று. 'இந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள்?' என்பதே முதற் கேள்வி.

கையெழுத்துக்கு முன்னர்

அன்று மாலை அந்தத் தாயுடன் மேசையில் அமர்ந்து, அந்தக் கேள்வியையும் அதனைச் சார்ந்த ஏனையவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் பதிவு. ஒன்ராறியோவின் தனியார் தொழிற்கல்லூரிகள் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெறவேண்டும். கல்லூரி பதிவு பெற்றிருப்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் கற்கைநெறியும் தனியே அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இரண்டையும் அரசின் பதிவேட்டில் பார்க்கலாம். கல்லூரி திடீரென மூடப்பட்டால் மாணவர்களுக்கு மாற்றுக் கல்வியோ பணமோ கிடைக்க வழி செய்யும் பாதுகாப்பு நிதி ஒன்று உண்டு. அங்கீகாரமற்ற நெறியில் படிப்பவரை அது காக்காது. அவருடைய கல்லூரியும் நெறியும் பதிவேட்டில் இருந்தன. ஆனால் பதிவு என்பது சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறது என்பதற்கே சான்று. வேலை கிடைக்கும் என்பதற்கன்று.

இரண்டாவது, வேலை தருவோர். தாதியர், பல் சிகிச்சையாளர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்கு ஒழுங்குமுறைச் சபைகள் உண்டு. அச்சபை ஏற்காத கல்லூரியில் படித்தால் பணமும் காலமும் வீண். 'ஒன்ராறியோ தாதியர் கல்லூரி' என்பது கற்பிக்கும் இடமன்று, தாதியரைப் பதிவு செய்யும் சபை என்பதையும் நம்மவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். சபை இல்லாத தொழிலாயின், வேலை கொடுக்கும் இடங்களையே கேட்க வேண்டும். மறுநாட் காலை தொழிற்சாலையின் தேநீர் இடைவேளையில் மூன்று மருத்துவ நிலையங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கும்படி அவரிடம் சொன்னோம்.

மூன்றாவது, மாற்று வழிகள். ஒன்ராறியோவில் 24 பொதுக் கல்லூரிகள் உள்ளன. அவற்றுள் முதலாவதான சென்ரெனியல், 1966இல் ஸ்காபரோவிலேயே தொடங்கப்பட்டது. இவற்றுக்கு அரச மானியம் உண்டு. இங்கு நிரந்தர உரிமை பெற்றவர்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. பின்னர் பல்கலைக்கழகம் செல்ல விரும்பினால் இங்கு படித்த பாடங்கள் கணக்கில் எடுக்கப்படும் வாய்ப்பும் அதிகம். ஆதரவுப் பணியாளர் பயிற்சியைப் பாடசாலைச் சபைகள் சிலவும் நடத்துகின்றன. ஊரில் பட்டமோ டிப்ளோமாவோ பெற்றவர்கள் புதிதாக எதனையும் விலைக்கு வாங்குமுன், கையிலிருக்கும் சான்றிதழை மதிப்பீட்டுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும்.

நான்காவது, கணக்கு. கட்டணம் 13,500 டொலர் என்பது செலவின் ஒரு பகுதியே. படிக்கும் ஒன்பது மாதமும் அவர் வேலையை விடவேண்டும். 2025 ஒக்ரோபரிலிருந்து ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலர். வாரம் 40 மணித்தியாலம், 39 வாரம் என்றால் இழக்கும் ஊதியம் 27,456 டொலர். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 41,000. புதிய வேலையில் மணிக்கு இரண்டு டொலர் கூடக் கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 50 வாரம் வேலை செய்தால் 4,000 டொலர் மேலதிக வருமானம். போட்டதை மீட்கப் பத்து ஆண்டுகள். வரியும் வட்டியும் இந்தக் கணக்கில் சேரவில்லை. "அரசாங்கம் ஓசாப் தரும், நீங்கள் காசு கட்டத் தேவையில்லை" என்று சேர்ப்பு அலுவலர் சொல்லியிருந்தாராம். ஓசாப்பில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கடன் அரசினுடையதாயினும் கடனே.

அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கு இங்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு அந்த மாணவர் கடனும் இல்லை; முழுத்தொகையும் கையிலிருந்தே போகும். கல்லூரியில் சேர்ந்தால் வழக்கு வெல்லும் என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டாம். திரும்பிச் சென்றால் உங்களுக்கு ஆபத்து உண்டா என்பதையே விசாரணைச் சபை பார்க்கும். உங்கள் டிப்ளோமாவை அன்று. ஊரிலிருக்கும் மருமக்களை மாணவர் விசாவில் அழைக்க எண்ணுவோரும் கவனிக்க வேண்டியதொன்று உண்டு. பொதுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கல்லூரி நடத்தும் கூட்டு நெறிகளில் 2024 மே 15இன் பின்னர் தொடங்கியவர்களுக்கு, படிப்பின் பின்னரான வேலை அனுமதி இல்லை.

இரண்டு நாள்

இறுதியாக ஒப்பந்தம். ஒன்ராறியோச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் பிரதி கையில் கிடைத்து இரண்டு நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்தால், காரணம் எதுவும் சொல்லாமலே அதனை இரத்துச் செய்யலாம்; கட்டிய பணம் முழுவதும் திரும்ப வேண்டும். அதன் பின்னர், வகுப்புத் தொடங்குமுன் விலகினால், கட்டணத்தின் 20 வீதம் அல்லது 500 டொலர், இவற்றில் குறைந்த தொகையைக் கல்லூரி வைத்துக்கொள்ளலாம். நெறியில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டால் எதுவும் திரும்பாது. இவையெல்லாம் அவர் கையெழுத்திட்ட பத்திரத்திலேயே சிறிய எழுத்தில் இருந்தன. எவரும் வாசித்துக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. இடம் கிடைத்த மகிழ்ச்சியில் யார்தான் கேட்பார்?

வியாழன் மதியம் அவர் தொலைபேசியில் அழைத்தார். மூன்று நிலையங்களில் ஒன்று, அனுபவம் வேண்டும் என்றது. மற்றொன்று, கணினியும் ஆங்கிலமும் தெரிந்தால் தாமே பழக்குவோம் என்றது. மூன்றாவது நிலையம் மட்டுமே டிப்ளோமாவைப் பற்றிப் பேசியது. அதுவும் எந்தக் கல்லூரி என்று விசாரித்தது.

"என்ன செய்யிறது, சேர்?"

"முடிவு உங்கட கையில, பிள்ளை. ஆனா இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள எடுக்கவேணும்" என்றோம்.

அவர் இரத்துக் கடிதத்தை எழுதி, மின்னஞ்சலிலும் அனுப்பி, வேலை முடிந்ததும் நேரிலும் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் வாங்கினார். அதன் பின்னர் அந்த அலுவலர் மூன்று தடவை தொலைபேசியில் அழைத்தாராம். 'உங்கள் எதிர்காலத்தை நீங்களே கெடுக்கிறீர்கள்' என்று சொன்னாராம். இரவு முழுவதும் தான் உறங்கவில்லை என்றார். அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகக் கிடைத்த 'இட'த்தை ஒருவர் தாமாகவே திருப்பிக் கொடுப்பது இலகுவன்று.

தை மாதத்தில் 500 டொலர் திரும்பி வந்தது. இப்போது அவர் பாடசாலைச் சபையின் மாலை வகுப்பில் கட்டணமின்றி ஆங்கிலம் படிக்கிறார். பொதுக் கல்லூரியொன்றுக்கும் விண்ணப்பித்திருந்தார். அண்மையில் கண்டபோது அதன் முடிவைக் கேட்டோம்.

"இந்தமுறை இடம் கிடைக்கேல்லை, சேர். காத்திருப்புப் பட்டியலில போட்டிருக்கினம்."

சொல்லிவிட்டுச் சிறிது சிரித்தார். தொழிற்சாலை வேலை இன்னமும் இருக்கிறது. கடன் இல்லை.