மேல் வீட்டில் இருந்து 'டொம் டொம்'... தூக்கம் கெடுக்கும் அபார்ட்மென்ட் சத்தம்: போலீஸுக்குப் போகலாமா?

ராத்திரி 11.30 மணி. லைட்டை அணைத்துவிட்டுப் படுத்தாச்சு. அப்போதுதான் தலைக்கு மேல் 'கர்ர்ர்' என்று நாற்காலியை இழுக்கிற சத்தம். அது அடங்கினால் குழந்தை ஓடுகிற 'திடும் திடும்'. கொஞ்சம் கண் அசந்தால், விடிகாலை 5 மணிக்கு டீக்கு இஞ்சி தட்டுகிறார்கள். அபார்ட்மென்ட்வாசிகள் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும்.

"பேசாம போலீஸ்ல சொல்லிடலாமா?" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அதற்கு முன் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அதன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் சத்தம் எழுப்பும் கட்டுமானக் கருவிகளையும் இயக்கக் கூடாது. சத்தமில்லாத சூழலில் வாழ்வது, அரசியல் சாசனம் தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2005-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

அப்போ நாற்காலிச் சத்தத்துக்கும் கேஸ் போடலாமா? அங்கேதான் சிக்கல். இந்த டெசிபல் வரம்பு, குறிப்பிட்ட நேரம் முழுக்க அளந்து எடுக்கும் சராசரி. ஒரு நொடி 'டொம்' என்று கேட்டு அடங்குகிற சத்தம் அந்தச் சராசரியில் காணாமல் போய்விடும். உங்கள் தூக்கம் போனது போனதுதான், ஆனால் மீட்டரில் பெரிதாக ஒன்றும் காட்டாது. செல்போன் ஆப்பில் அளந்த கணக்கும் உங்கள் குறிப்புக்கு உதவுமே தவிர, அதை உறுதியான ஆதாரமாக நம்ப முடியாது.

சத்தம் மேல் வீட்டில் இருந்துதான் வருதா?

டிவி, பேச்சு போன்றவை காற்று வழியாக வரும் சத்தம். கதவு, ஜன்னலைச் சாத்தினால் ஓரளவு குறையும். நாற்காலி, உரல், காலடி எல்லாம் வேறு ரகம். தரையில் விழும் அடி நேராக கான்கிரீட் தளத்துக்குள் இறங்கி, பீம், தூண், சுவர் என்று பரவும். அதனால் மேல் வீடு என்று நாம் சத்தியம் செய்கிற சத்தம், அதற்கும் பக்கத்து வீட்டில் இருந்தோ இரண்டு மாடி தள்ளியோ வரலாம். கூடத்தில் ஊஞ்சல் மாட்டியிருப்பவர்கள் கவனிக்க: கொக்கி இருப்பது உங்கள் தலைக்கு மேல், ஆனால் அது உங்கள் மாடி வீட்டுக்காரரின் தரை. நீங்கள் ஆடுகிற 'கிரீச்' அங்கே போகும்!

இந்த வகைச் சத்தத்துக்குக் கீழ் வீட்டில் ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் முழுப் பலன் கிடைப்பதில்லை, சுவர் வழியாக இறங்கிவிடும். சத்தம் பிறக்கிற இடத்தில் தடுப்பதுதான் சுலபம், செலவும் குறைவு. நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ், மிக்ஸி, கிரைண்டருக்குக் கீழே தடிமனான மேட், உரலுக்கு அடியில் மடித்த கோணி, குழந்தை விளையாடும் இடத்தில் விரிப்பு போதும்.

எப்படிச் சொல்வது?

முதலில் ஒரு வாரம் தேதி, நேரம், என்ன சத்தம் என்று குறித்து வையுங்கள். பிறகு பகலில், கோபம் இல்லாத நேரமாகப் பார்த்து நேரில் போங்கள். "சார், ராத்திரி 11 மணிக்கு மேல நாற்காலி இழுக்குற சத்தம் கீழ நல்லா கேட்குது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, ஒரு தடவை எங்க வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்களேன்" என்று சொல்லிப் பாருங்கள். பல பேருக்கு, தன் வீட்டுச் சத்தம் கீழே எப்படிக் கேட்கிறது என்பது நிஜமாகவே தெரியாது.

அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைக்காதீர்கள். 80 வீட்டுக்காரர்கள் முன்னால் தலைகுனிந்தவர் ரப்பர் புஷ் வாங்கப் போவதில்லை, சண்டைக்குத்தான் வருவார். துடைப்பக் கட்டையால் சீலிங்கைத் தட்டினால் புகார் உங்கள் மேலும் திரும்பும்.

பேசியும் கேட்கவில்லையா? குறித்து வைத்ததோடு அசோசியேஷன் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அங்கே வாடகைக்கு இருக்கிறார்கள் என்றால், வீட்டு உரிமையாளருக்கும் ஒரு நகல்.

போலீஸ் எப்போது?

நள்ளிரவு வரை ஸ்பீக்கர் அலறும் பார்ட்டி, ராத்திரியில் கட்டுமான வேலை, கேட்கப் போனால் மிரட்டல் என்றால் தயங்க வேண்டாம். உடனே 112 அல்லது 100-க்கு அழைக்கலாம். தனியார் இடத்து ஸ்பீக்கர் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் வரம்பை விட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது என்றும் விதி இருக்கிறது. பொதுத் தொல்லைக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-வது பிரிவில் 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மாதக்கணக்கில் தொடர்ந்தால் சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கலாம். ஆனால் அதற்கு நாளும் பணமும் பிடிக்கும், நீங்கள் எழுதி வைத்த தேதிக் குறிப்பும் கொடுத்த புகார்க் கடிதத்தின் நகலும்தான் அங்கே முதலில் தேவைப்படும்.