வரிவிலக்கும் பிரசங்க மேடையும்: ஜான்சன் திருத்தம் குறித்த ஒரு விளக்கம்

அமெரிக்க உள்நாட்டு வருவாய்ச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவு அறக்கொடை நிறுவனங்களுக்கும் சமய அமைப்புகளுக்கும் வருமான வரிவிலக்கு அளிக்கிறது. விலக்குப் பெற்றவை எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ தேர்தலில் ஈடுபடலாகாது என்னும் நிபந்தனை 1954இல் சேர்க்கப்பட்டது. செனட்டர் லிண்டன் ஜான்சன் முன்மொழிந்த இத்திருத்தம் அவையில் விவாதமின்றியே நிறைவேறியது. அவரது இலக்குத் தேவாலயங்கள் அல்ல, டெக்சாசில் அவரை எதிர்த்த வரிவிலக்கு அமைப்புகளே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

தடுக்கப்படுவது பேச்சா, பேச்சுக்கு அரசு தரும் மானியமா என்பதே இங்கு அடிப்படை வினா. 1992 அதிபர் தேர்தலுக்கு நான்கு நாள்களுக்கு முன், நியூயார்க் மாநிலத் தேவாலயம் ஒன்று கிளின்டனுக்கு எதிராக இரு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டது. அதிலேயே வரிக்கழிவுக்குரிய நன்கொடையும் கோரியது. 1995இல் அதன் விலக்கு நீக்கப்பட்டது. அந்நீக்கத்தை 2000இல் உறுதிசெய்த மேல்முறையீட்டு நீதிமன்றம், வழிபாட்டுரிமை பறிக்கப்படவில்லை என்றும், தனியாக 501(சி)(4) அமைப்பு நிறுவி அதன்வழி அரசியலில் ஈடுபட இடமுண்டு என்றும் கூறியது.

2025 ஜூலையில் வருவாய்த்துறை தன் நிலைப்பாட்டை மாற்றியது. வழிபாட்டையொட்டித் தம் சபையாரிடம் வழக்கமான வழிகளில் வேட்பாளரைப் பற்றிப் பேசுவது தேர்தல் தலையீடாகாது என்றும், அது குடும்ப உரையாடலை ஒத்தது என்றும் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனுச் செய்தது. இவ்வொப்புமை வலுவற்றது, பிரசங்கங்கள் இணையத்தில் நேரலையாகும் காலத்தில் சபையின் எல்லையை வரையறுப்பது எளிதன்று. மேலும், வேட்பாளருக்கு நேரடியாக அளிக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவு இல்லை. தேவாலயக் காணிக்கைக்கு உண்டு.