எந்த ஸ்கேன் எதற்கு?

முழங்காலில் அடிபட்டவருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். வலி மட்டும் போகவில்லை. எக்ஸ்ரேயில் ஜவ்வுக் கிழிசல் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும்.

1895-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் இயற்பியலாளர் ராண்ட்ஜன் தன் மனைவியின் கையை எக்ஸ் கதிரால் படமெடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் பளிச்சென்று விழுந்தன, சதை வெறும் நிழலாகவே தெரிந்தது. கால்சியம் நிறைந்த எலும்பு கதிரைத் தடுக்கிறது. சதை பெரும்பாலும் விட்டுவிடுகிறது. முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவது இன்னொரு சிக்கல்.

அதைத் தீர்த்தவர் இ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். எக்ஸ் கதிரைத் தலையைச் சுற்றிப் பல கோணங்களில் செலுத்தி, கிடைத்த அளவுகளைக் கணினியில் கோத்துக் குறுக்குவெட்டுப் படமாக்கினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. எடுக்கப்பட்டது. இன்றும் சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் பெயரால் ஓர் எண் உண்டு: தண்ணீருக்கு 0, காற்றுக்கு −1000. புதிதாகக் கசிந்த ரத்தத்தின் எண் மூளைத் திசுவைவிடக் கூடுதல் என்பதால் அது வெள்ளையாகத் துலங்கும். பக்கவாதம் வந்தவருக்கு முதலில் சி.டி. எடுப்பது இதற்காகத்தான். ரத்தக்குழாய் அடைத்திருந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து உயிர் காக்கும். ரத்தம் கசிந்திருந்தால் அதே மருந்து உயிரைப் பறிக்கலாம். எது என்று சி.டி. சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிரே இல்லை. உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களைக் காந்தத்தாலும் ரேடியோ அலைகளாலும் தூண்டி, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞையைப் படமாக்குகிறது. பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியுடையதைப்போல் சுமார் 30,000 மடங்கு. மூளை, தண்டுவடம், ஜவ்வு ஆகியவற்றுக்கு இதுவே சிறப்பு. ஆனால் நேரம் பிடிக்கும், சத்தமும் பலமாக இருக்கும்.

மலிவானது என்பதற்காக அல்ட்ராசவுண்டைக் குறைத்து மதிப்பிடுவது தவறு. பித்தப்பைக் கல்லைக் கண்டுபிடிப்பதில் அது சி.டி.யை மிஞ்சும். அதன் உயர் அதிர்வெண் ஒலி அலை இடையில் காற்று இருந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதால்தான் தோலுக்கும் கருவிக்கும் இடையே ஜெல் தடவுகிறார்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட்; நெஞ்சு சி.டி.யில் அது பல மடங்கு. ஆகவே "எதற்கும் ஒரு சி.டி. எடுத்துடலாம்" என்று நாமாகக் கேட்க வேண்டாம். பழைய படங்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, உடம்பில் பேஸ்மேக்கர் இருந்தாலோ ஸ்கேன் அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள்.